பொது இடத்தில் அமர்ந்து வரையும்போது கவனம் சிதறாமல் இருப்பது எப்படி? (சேலம், ஏற்காடு)

நீர்க்கோலம்:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை ஒளிப்படத்தைப் பார்த்து வீட்டு மேசையில் நீர்வண்ணம் தீட்டி வந்த நான், சில மாதங்களாக விடுமுறை நாள்களில் வெளியே சென்று நேரில் பார்த்து வரைகிறேன். கன்னங்குறிச்சியில் மூக்கனேரிக் கரையிலும், ஏற்காட்டில் ஏரிக்கரையிலும் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலும் அமர்ந்து பார்த்துவிட்டேன். காட்சிக்கு எங்கும் குறைவில்லை, கவனம்தான் கூடி வருவதில்லை. வானத்துக்கான முதல் வாஷை, அதாவது நீர்த்த வண்ணத்தின் பரந்த பூச்சை, தாளில் இறக்கி, அது ஈரமாக இருக்கும் அந்த ஓரிரு நிமிடங்களில்தான் யாரேனும் வந்து நின்று, "என்னங்க, ஏரியையா வரையறீங்க? இத வித்தா எவ்வளவு கிடைக்குங்க?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ள மனம் வருவதில்லை. பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் வாஷின் ஓரம் காய்ந்து வரம்பு கட்டியிருக்கிறது. ஒருவர் எதுவும் பேசாமல் பின்னால் வந்து நின்றுகொண்டால் நிலைமை இன்னும் மோசம். அவர் எப்போது போவார் என்பதையே மனம் எண்ணிக்கொண்டிருக்கிறது.

காதில் இயர்போன் மாட்டிக்கொள்வதா, ஆள் வராத இடமாகத் தேடிப் போவதா, பழகப் பழகத் தானே சரியாகும் என்று விட்டுவிடுவதா? நம் ஊர்ப்பக்கம் வெளியில் அமர்ந்து வரைபவர்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எண்ணெய்ச்சாயம்:

இயர்போன்தான். பாட்டு ஓட வேண்டும் என்பதுகூட இல்லை. காதில் இருப்பதைப் பார்த்தாலே பாதிப் பேர் கேள்வியை விழுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இடத்தைப் பொறுத்தவரை, சுற்றுலா வேன்கள் நிற்கும் ஏரிக்கரையையும் லேடீஸ் சீட்டையும் விட்டுவிடுங்கள். மலையின் கிழக்கோரத்தில் இருக்கும் பகோடா பாயிண்டுக்கு விடிந்ததும் போனால், கூட்டம் வந்து சேர்வதற்குள் சிறிய படம் ஒன்றை முடித்துவிடலாம். நீர்வண்ணத்தை விட்டு எண்ணெய் வண்ணத்துக்கு மாறினால் ஓரம் காய்கிற தொல்லையே இராது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வெள்ளிக்கொலுசு:

எண்ணெய்ச்சாயம் அண்ணன் சொல்லும் இரண்டு யோசனைகளும் ஓர் ஆணுக்குப் பொருந்தலாம். தனியாக வரையப் போகும் பெண்ணுக்கு, ஆளற்ற இடமும் அடைத்த காதும் கவனத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்துவிடும். பின்னால் யார் வருகிறார்கள் என்பது காதில் விழாதபோது, அதைக் கண்காணிக்கும் வேலையை மனம் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்கிறது. சாலையோரத்திலும் இயர்போன் கூடாது. கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் உள்ள அந்த மலைப்பாதையின் ஓரத்தில் காதடைத்து அமர்வது யாருக்கும் ஆபத்து.

நான் செய்வது, முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கும்படி அமர்வது. செவ்வாய்ப்பேட்டையில் பழைய வீட்டு முகப்புகளையும் கொலுசுப் பட்டறை வாசல்களையும் வரையும்போது, ஏதாவது ஒரு கடைக்காரரிடம், "அண்ணா, உங்க கடைப் படியில ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரையட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் திறப்பேன். அவர் ஒப்புக்கொண்ட கணத்திலிருந்து நான் அந்தக் கடையின் விருந்தாளி. வந்து கேட்பவர்களுக்கு அவரே பதில் சொல்லிவிடுகிறார். சில நேரம் என் படத்தைப் பற்றி எனக்கே தெரியாத செய்திகளையும் சேர்த்துச் சொல்கிறார். சுவர் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது, கடைக்காரர் முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார், எனக்குத் தாள் மட்டும் மிஞ்சுகிறது.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்:

தம்பி நீர்க்கோலம், உங்கள் கேள்வியில் ஒரு சிறு திருத்தம் செய்ய விரும்புகிறேன். உங்கள் கவனத்தைக் கலைப்பவர்கள் வழிப்போக்கர்கள் என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்தவரை, கலைந்துபோவதற்குத் தயாராக ஏதோ ஒன்று முன்கூட்டியே அங்கே இருக்கிறது. அது இன்னும் எடுக்கப்படாத முடிவு. வானத்துக்கு எவ்வளவு இடம், எது இருட்டு, எது வெள்ளைத் தாளாகவே நிற்க வேண்டும் என்பவை மனத்தில் தீராமல் இருக்கும்போது தூரிகையைத் தொட்டுவிட்டால், ஒருவர் இருமினாலும் கை நின்றுவிடும். அவை தீர்ந்துவிட்டால் பிறகு நடப்பது பெரும்பாலும் கைவேலைதான். கைவேலை கூட்டத்தைத் தாங்கும். சந்தையில் பூக்கட்டும் அம்மா வாடிக்கையாளரோடு விலை பேசிக்கொண்டே சரம் தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு உளவியலில் ஆதாரம் உண்டு. ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1965இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு விளக்கம் அளித்தார்: பிறர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நன்றாகப் பழகிய செயல் மேலும் நன்றாக நடக்கிறது, புதிதாகக் கற்கும் செயல் தடுமாறுகிறது. அவரும் அவருடைய குழுவினரும் 1969இல் கரப்பான் பூச்சிகளை வைத்துக்கூட இதைச் சோதித்தார்கள். பார்வையாளர்களாக வேறு கரப்பான்கள் இருந்தபோது, நேர்ப்பாதையில் ஓடியவை விரைந்தன, வளைவுள்ள பாதையில் ஓடியவை தாமதித்தன. கரப்பானுக்கே கூச்சம் இருக்கிறது என்றால் நமக்கு இருப்பதில் வியப்பில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: சிந்திக்க வேண்டிய பகுதியைக் கூட்டம் சேர்வதற்கு முன் முடித்துவிடுங்கள், பழகிய பகுதியைக் கூட்டத்தின் நடுவில் செய்யுங்கள்.

நமக்கு அண்டையிலுள்ள நாமக்கல்லில் பிறந்த சில்பி, ஆனந்த விகடனுக்காகக் கோயில்தோறும் சென்று சிற்பங்களையும் மண்டபங்களையும் நேரில் அமர்ந்து வரைந்தவர். கோயில் பிராகாரத்தில் ஆள் வராத நேரம் என்று ஒன்று ஏது? தூணின் யாளியையும் அதன் மேல் விழுந்த வெளிச்சத்தையும் அந்தச் சந்தடிக்குள்தான் அவர் பிடித்தார். ஆகையால் நடக்காத காரியம் எதையும் நான் உங்களிடம் கேட்கவில்லை.

நீர்க்கோலம்:

மிக்க நன்றி, ஐயா. வெள்ளிக்கொலுசு அக்காவுக்கும் நன்றி. சுவர் யோசனையை மூக்கனேரியில் எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. முடிவுகளை முன்கூட்டியே எடுப்பது என்பதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? நான் எல்லாவற்றையும் முடிவு செய்து முடிப்பதற்குள் வெளிச்சம் மாறிவிடுகிறதே?

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்:

வெளிச்சம் மாறுவதால்தான் முடிவு வேண்டும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டு மணி நேரம் அமர்ந்து வரைந்தால் 30 பாகை. நீங்கள் தொடங்கிய நிழல் வேறு, முடிக்கும்போது கண்முன் இருக்கும் நிழல் வேறு. இடையில் யாரோ பேசிவிட்டுப் போனதும் நிமிர்ந்து பார்க்கிறீர்கள், நிழல் இடம் மாறியிருக்கிறது, அதற்கேற்பப் படத்தைத் திருத்துகிறீர்கள். கவனம் சிதறியது பேச்சினால் என்று தோன்றும்; உண்மையில் எந்த நேரத்து நிழலை வரைகிறோம் என்ற முடிவு இல்லாததே சிதறலுக்குக் காரணம்.

மூக்கனேரியையே எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து சேர்வராயன் மலையைப் பார்த்து அமர்ந்தால் ஏறக்குறைய வடக்கு நோக்கி இருப்பீர்கள். காலையில் ஒளி வலப்பக்கத்திலிருந்து வரும், மாலையில் இடப்பக்கத்திலிருந்து மலைச்சரிவின் முகத்தில் விழும். ஏரிக்குள் இருக்கும் மண்திட்டுகளின் மரங்கள் காலையில் ஒரே கரும்பச்சைத் திரளாகத் தெரியும், வெயில் ஏறினால் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். எது வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே தேர்ந்துகொள்ளுங்கள். கரைக்கு வந்ததும் பெரிய தாளை எடுக்காதீர்கள். உள்ளங்கை அளவிலான நோட்டில், மென்மையான 4பி பென்சிலால், மூன்றே தரங்களில் ஒரு சிறுவரைவு போடுங்கள்: தாளின் வெள்ளை, நடுச் சாம்பல், கறுப்பு. மலை ஒரு தரம், திட்டு ஒரு தரம், நீர் ஒரு தரம். பத்து நிமிட வேலை. சிறிய நோட்டில் கிறுக்கிக்கொண்டிருப்பவரை யாரும் நின்று பார்ப்பதில்லை என்பது இதன் கூடுதல் பயன். தாங்கியை விரித்துப் பலகையை நிறுத்தினால்தான் ஆள் கூடும்.

அதன்பின் பெரிய தாளில் முதலில் நிழல்களின் எல்லையை மட்டும் பென்சிலால் பூட்டிவிடுங்கள். பூட்டிய பிறகு சூரியன் எங்கே போனாலும் அது உங்கள் கவலை இல்லை. சந்தேகம் வந்தால் ஏரியைப் பார்க்காமல் நோட்டைப் பாருங்கள். நம் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டி நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். அந்தப் பருவத்தில் காலை ஒன்பதரை மணிக்கு மேல் அமர்ந்து பயனில்லை. வெயில் 40 டிகிரியை ஒட்டிச் செல்லும் மாதத்தில் வறண்ட காற்று வாஷை விழுங்கிவிடும் என்பது வேறு.

பதினான்காம் வளைவு:

நான் ஏற்காட்டிலேயே வசிக்கிறேன். கீழே இருப்பவர்கள் மனிதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். மேலே எங்கள் கவனத்தைக் குலைப்பவை பெரும்பாலும் மூடுபனியும் குரங்கும். சேலத்தைவிட 1,200 மீட்டர் உயரம் என்பதால் வெப்பம் சுமார் 8 டிகிரி குறைவாக இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் நீர்வண்ண வாஷ் காய்வதே இல்லை. கீழே ஓரம் காய்ந்துவிடுகிறது என்று வருந்தியவர், இங்கே அரை மணி நேரம் பலகையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்த அரை மணி நேரத்தில் கைபேசியை எடுப்பார். அன்றைய கவனம் அத்தோடு போயிற்று. ஆகவே அந்த மாதங்களில் நான் இரண்டு சிறிய தாள்களை ஒரே பலகையில் டேப் போட்டு ஒட்டிக்கொள்கிறேன். ஒன்று காயும்வரை மற்றொன்று. இரண்டும் ஒரே காட்சியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனம் இரண்டாகப் பிரியும். அதுவும் ஒத்துவராத நாளில் நீர் குறைவாகக் கலந்த கோவாஷ் என்னும் ஒளிபுகா நீர்வண்ணம் பயன்படும்.

குரங்கைப் பொறுத்தவரை, தின்பண்டம் எதையும் பையில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையின் சரசரப்பு ஒன்று போதும் அவை வருவதற்கு. தூரிகை கழுவும் தண்ணீரைக் குளிர்பானப் பாட்டிலில் கொண்டுவருவதும் கூடாது. மூடி போட்ட எவர்சில்வர் டப்பா நல்லது.

எந்த நாளில் வருகிறீர்கள் என்பதையும் பாருங்கள். மே மாதக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் வாரத்தில் ஏரிப் பக்கம் வரைய வருவது வீண்முயற்சி. மார்ச், ஏப்ரலில் முதல் மழைக்குப் பின் காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூக்கும் சில நாள்களில், வார நாள் காலையில் எஸ்டேட் சாலைகள் அமைதியாக இருக்கும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே வந்த பயிர். சில்வர் ஓக் நிழலில் அந்த வெள்ளைப் பூ, நீர்வண்ணக்காரருக்குத் தாளை விட்டுவைக்கக் கற்றுத்தரும் நல்ல பயிற்சி. ஆனால் எஸ்டேட்டுகள் தனியார் நிலங்கள். வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், அல்லது சாலையில் நின்றே வரையுங்கள்.

எண்ணெய்ச்சாயம்:

ஆசிரியர் ஐயாவோடு நான் உடன்படவில்லை, மரியாதையோடு சொல்கிறேன். எல்லாவற்றையும் சிறுவரைவில் முடிவு செய்து, நிழலைப் பூட்டி, பிறகு ஏரியைப் பார்க்காதே என்றால், வெயிலில் போய் ஏன் அமர வேண்டும்? அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாமே. நேரில் வரைவதன் உயிரே, எதிர்பாராமல் வருவதற்கு இடம் கொடுப்பதில்தான் இருக்கிறது. ஜான் கோஃப் ராண்ட் 1841இல் தகர வண்ணக்குழாயைக் கண்டுபிடித்த பிறகு ஓவியர்கள் தடையின்றி வெளியே போனது கணக்குப் போட்டு வரைவதற்காகவா? பிரெஞ்சு ஓவியர் மொனே மாறும் வெளிச்சத்தைத் துரத்தினார், அதைப் பூட்டிவைக்கவில்லை. வழிப்போக்கர் சொல்லும் ஒரு சொல்லும் அப்படித்தான். மூக்கனேரியில் ஒரு பெரியவர் என் படத்தைப் பார்த்து, "மல இவ்வளவு கிட்டத்துல இல்லைங்களே தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. மலையை இன்னும் நீலமாக்கிப் பின்னே தள்ளினேன், படம் தேறியது.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்:

மொனே உங்கள் பக்கம் இல்லை, என் பக்கம். 1890–91இல் வைக்கோல் போர்களை வரைந்தபோது அவர் ஓவியம் தீட்டும் திரைகள் (கேன்வாஸ்) பலவற்றைக் கையில் வைத்திருந்தார். வெளிச்சம் மாறியதும் ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதே வெளிச்சம் திரும்பி வரும் நாளில் பழைய திரைக்குத் திரும்பினார். ஒரு திரைக்கு ஒரு வெளிச்சம் என்ற முடிவை அவர் எவ்வளவு கண்டிப்பாக வைத்திருந்தார் பாருங்கள். துரத்தியது உண்மை, ஆனால் ஒரே திரையில் எல்லாவற்றையும் துரத்தவில்லை.

பெரியவர் சொன்ன செய்தியை நான் மறுக்கவில்லை. அந்தச் சொல் உங்களுக்குப் பயன்பட்டதற்குக் காரணம், உங்கள் படத்தில் மற்றவை எல்லாம் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தன, அசைக்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. தொடக்கக்காரரிடம் அதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள்; அவர் மலையையும் மாற்றுவார், வானத்தையும் மாற்றுவார், ஏரியையும் நிரப்பிவிடுவார். அனுபவம் உள்ளவருக்குச் சிறுவரைவு மனத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அது நடக்கவில்லை என்று அவரே நம்பிக்கொள்கிறார்.

எண்ணெய்ச்சாயம்:

கடைசி வரியை என்னைக் குறித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், ஐயா. ஒரு திரைக்கு ஒரு வெளிச்சம் என்பதை ஏற்கிறேன். சிறுவரைவுக்குப் பிறகும் காட்சியைப் பார்க்க வேண்டும் என்பதை விட்டுத்தர மாட்டேன். எண்ணெய் வண்ணத்தைப் பற்றி ஒரு திருத்தமும் உண்டு: ஓரம் காயாது, ஆனால் பூச்சி ஒட்டும். வான்கோ 1889இல் தீட்டிய ஒலிவ மர ஓவியம் ஒன்றில் காய்ந்த வண்ணத்துக்குள் ஒரு வெட்டுக்கிளி சிக்கியிருந்ததைக் கான்சஸ் நகர அருங்காட்சியகத்தினர் 2017இல் கண்டார்கள். என் ஏற்காட்டுப் படங்களை ஆராய்ந்தால் ஒரு பூச்சியியல் கட்டுரையே எழுதலாம்.

வெள்ளிக்கொலுசு:

முடிவுகள் முன்கூட்டியே தீர்ந்துவிட்டாலும் கேள்வி கேட்பவர் வரத்தான் செய்வார். அவருக்கு என்ன பதில் என்பது மிச்சம் இருக்கிறது. இதில் எனக்கு உதவியது சோஃபி லெராய் என்பவரின் ஆய்வு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு வேறொன்றுக்குத் திரும்பும்போது, மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவர் 2009இல் காட்டினார். 2018இல் தெரசா குளோம்புடன் சேர்ந்து அவர் இன்னொன்றும் சொன்னார்: இடையூறு வரும்போது, எங்கே நிறுத்தினோம், திரும்பியதும் எதைச் செய்யப்போகிறோம் என்று ஒரு சிறு குறிப்பு வைத்துக்கொண்டால் அந்த ஒட்டுதல் குறைகிறது. அவர்கள் ஆராய்ந்தது அலுவலக வேலைகளை. ஆனால் நமக்கு இது அப்படியே பொருந்துகிறது. யாரேனும் பேச வந்தால் நான் உடனே நிமிர்வதில்லை. கையிலிருக்கும் தீற்றலை முடித்து, அடுத்துத் தொட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் நிமிர்கிறேன். திரும்பி வரும்போது அந்தப் புள்ளி காத்திருக்கும். இடைப்பட்ட சில நொடிகளுக்கு, "ஒரு நிமிசங்க, இது காஞ்சிடும்" என்ற சொல் போதும். இதற்கு இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. சமையல் செய்யும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அடுப்பிலிருந்து கண்ணெடுக்க முடியாத நேரம் எது என்பது தெரியும்.

விலை கேட்பவர்களுக்கு, "விக்கறதுக்கு இல்லைங்க, பழகறதுக்கு" என்பேன். அத்தோடு உரையாடல் முடிந்துவிடும். குழந்தைகள் வந்தால் ஒரு தாளும் மெழுகு வண்ணக் குச்சியும் கொடுத்துவிடுவேன், அவர்கள் பக்கத்தில் அமர்ந்து அவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். முதியவர்கள்தான் சிக்கல், ஏனென்றால் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருக்கிறது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவை வரைய அமர்ந்தால், டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் படப்பிடிப்பு நடந்த காலத்தைப் பற்றிப் பேச யாராவது ஒருவர் வந்தே தீருவார். அந்த இடத்துக்கு நான் இப்போது நீர்வண்ணம் கொண்டுபோவதில்லை, பேனா மட்டும்தான். பேனாக்கோடு எத்தனை நேரம் நிறுத்தினாலும் காத்திருக்கும், காதைக் கதைக்குக் கொடுத்துவிடலாம்.

பதினான்காம் வளைவு:

இன்னும் ஒன்று விடுபட்டிருக்கிறது. அனுமதி பெறாத இடத்தில் அமர்ந்தால், யாரும் தடுக்காவிட்டாலும், தடுப்பார்களோ என்ற எண்ணம் பின்மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கும். கோயிலுக்குள் என்றால் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். கருவறைப் பக்கம் வேண்டாம். சேலம் சந்திப்பில் வரைய நடைமேடைச் சீட்டோடு நிலைய அலுவலரிடம் ஒரு சொல்லும் தேவை. ஏற்காட்டில் சாலையோரம் என்றால் வளைவுகளிலும் வாகனம் ஒதுங்கும் இடங்களிலும் தாங்கியை விரிக்காதீர்கள்.

நீர்க்கோலம்:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை விடிகாலையில் மூக்கனேரிக்குப் போய் ஐயா சொன்னபடி சிறுவரைவில் தொடங்கினேன். கரையில் சுவர் இல்லை. ஒரு புளியமரத்தின் அடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் வழக்கம்போலக் கேட்டார்கள். புள்ளி வைத்துவிட்டு நிமிர்வது நன்றாக வேலை செய்கிறது, வானத்து வாஷின்போது மட்டும் இன்னும் பதறுகிறேன். இன்னொரு ஐயம்: ஏழரை மணிக்கு மேல் மர நிழல் விலகித் தாளில் வெயில் விழுந்ததும் கண் கூசி, எந்த வண்ணம் எவ்வளவு அடர்த்தி என்பதே தெரியாமல் போகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கிறது. குடை பிடித்தால் ஒரு கை போய்விடும். என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்:

வானத்து வாஷை யாரும் வராத அந்த முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே, சிறுவரைவு முடிந்த கையோடு இறக்கிவிடுங்கள். அதற்குத் தாளின் மேல்பகுதியை முன்கூட்டி நனைத்து வைத்துக்கொண்டால் இன்னும் சில நிமிடங்கள் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் என்றால் ஈரம் நீண்ட நேரம் நிற்கும்.

வெயில் விழும் தாளில் வரைந்தால் படம் இருண்டுதான் வரும். வெள்ளைத் தாளின் கூச்சத்தில் எல்லா வண்ணமும் வெளிறித் தெரியும், நீங்கள் மேலும் மேலும் அடர்த்தியாகப் போடுவீர்கள். காட்சி வெயிலில் இருக்கலாம். தாளும் வண்ணத்தட்டும் ஒரே நிழலில் இருக்க வேண்டும். பலகையைச் சூரியனுக்கு முதுகு காட்டும்படி செங்குத்தாகத் திருப்பினாலே தாள் தன் நிழலில் வந்துவிடும். ஆனால் நீர்வண்ணம் வழியும் என்பதால் குடைதான் உங்களுக்கு வசதி. அதை மரக்கிளையிலோ தாங்கியின் காலிலோ கயிற்றால் கட்டிவிடுங்கள். பூப்போட்ட குடையோ சிவப்பு, நீலக் குடையோ வேண்டாம். அதன் நிறம் தாளில் இறங்கி உங்கள் கண்ணை ஏமாற்றும். வீட்டிலிருக்கும் பழைய கறுப்புக் குடை போதும், காற்று எழுந்தால் உடனே மடக்கிவிடுங்கள்.